சைலன்சர் ஓட்டையா? நட்டில் ஸ்பேனரை வைக்கும் முன்...

வாசகர் கேள்வி - பதில்

மழை ஓய்ந்து, கொட்டகையில் கிடந்த களை இயந்திரங்களையும் புல்வெட்டிகளையும் வெளியே எடுக்கும் நேரம் இது. இந்த முறை வந்த கடிதங்களில் சைலன்சர் பற்றியவையே அதிகம். அவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டோம்.

ஐயா, எங்களிடம் பெட்ரோலில் ஓடும் பவர் வீடர் ஒன்று இருக்கிறது. 163 சிசி எஞ்சின், வாங்கி எட்டு வருடம் ஆகிறது. சைலன்சரின் அடிப்பக்கம் துருப்பிடித்து விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. புது சைலன்சர் வாங்கிவிட்டோம். ஆனால் உள்ளூர் மெக்கானிக் நட்டைக் கழற்றத் தயங்குகிறார். 'ஸ்டட் உடைந்தால் ஹெட்டையே மாற்ற வேண்டும்' என்கிறார். உண்மையா? - வாசகர், தாராபுரம்

அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஸ்டட் (ஹெட்டில் திருகி நிற்கும், தலையில்லாத போல்ட்) உடைந்தாலே ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) போய்விடும் என்பது சரியல்ல. அவசரப்பட்டு அலுமினிய ஹெட்டில் உள்ள மரையைக் கெடுத்துக்கொண்டால்தான் செலவு. இந்த வேலையில் பாதுகாக்க வேண்டியது அந்த மரை ஒன்றைத்தான். சைலன்சர் எப்படியும் குப்பைக்குப் போகப்போகிறது, அதை வளைத்தாலும் அறுத்தாலும் நட்டமில்லை.

உங்கள் எஞ்சின் ஹோண்டா ஜிஎக்ஸ்160 அல்லது அதே வடிவில் வரும் சீன எஞ்சினாக இருக்கும். இரண்டிலும் சைலன்சரைப் பிடித்திருப்பவை 8 மி.மீ. ஸ்டட் இரண்டு, அவற்றின் மேல் நட் இரண்டு. சில மாடல்களில் சைலன்சரின் உடம்பைத் தாங்க இன்னொரு போல்ட் இருக்கும். அதைக் கவனிக்காமல் நட்டை மட்டும் கழற்றிவிட்டு சைலன்சரை இழுத்தால் ஸ்டட் வளையும்.

வேலையை முதல் நாள் மாலையே தொடங்குங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக் கேப்பைக் கழற்றி ஓரமாக விடுங்கள், பெட்ரோல் காக்கை மூடுங்கள். சைலன்சரின் மேல் உள்ள தகரக் கவசத்தைக் கழற்றினால் நட்டுகள் தெரியும். ஸ்டட்டின் வெளியே நீண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேயுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. நட் அரை சுற்று நகர்ந்ததும் அந்தத் துருவில்தான் போய்ச் சிக்குகிறது, ஸ்டட்டும் அங்கேதான் முறுக்கிக்கொண்டு உடைகிறது. பிறகு துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து, நட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் நான்கைந்து முறை தட்டுங்கள். தட்டும் அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். படுக்கப் போகும் முன் ஒரு முறை, காலையில் ஒரு முறை அடியுங்கள்.

நட்டின் அளவு எஞ்சினைப் பொறுத்து 12 அல்லது 13 மி.மீ. இருக்கும். துருவில் தேய்ந்த நட்டுக்கு 13 ஸ்பேனர் தளர்வாகவும் 12 இறுக்கமாகவும் இருக்கும். இறுக்கமானதைத் தட்டி ஏற்றுங்கள். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் வேண்டாம், ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர்தான் முனையை வழிக்காது. முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்புங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், துரு விட்டது என்று அர்த்தம். பிறகு கால் சுற்று திறந்து, அரைக்கால் சுற்று மூடி, மறுபடி கால் சுற்று திறக்க வேண்டும். இப்படி முன்னும் பின்னுமாகப் போங்கள், நடுவில் எண்ணெய் விடுங்கள். ஸ்பேனர் ரப்பர் போல மெத்தென்று இழுபட்டால் நிறுத்திவிடுங்கள். நட் திறக்கவில்லை, ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது.

நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் ஹெட்டிலிருந்து வெளியே வந்தால் கவலை வேண்டாம், அது நல்லதுதான். புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம். நட்டின் முனைகள் வழிந்துவிட்டால் ஸ்பேனரோடு மல்லுக்கட்ட வேண்டாம். நட்டின் ஒரு பக்கத்தை ஆக்சா பிளேடால் ஸ்டட்டுக்கு இணையாக அறுத்து, அந்த வெட்டில் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் நட் விரிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்டட் உடைந்தால், எவ்வளவு நீளம் வெளியே நிற்கிறது என்று பாருங்கள். 5 மி.மீ. இருந்தாலே போதும். அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளை வழியாக வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் சூட்டில் ஸ்டட்டின் பிடி தளர்ந்துவிடும், சிவப்பு அடங்கியதும் மெல்லத் திருப்பினால் வந்துவிடும். இந்த வேலைக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி எஞ்சினிலிருந்து தள்ளி வைப்பது கட்டாயம். இந்த எஞ்சின்களில் டேங்க் சைலன்சருக்குச் சற்று மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. இக்னிஷன் காயில் வயரையும் பிரித்துவிடுங்கள்.

ஹெட்டின் மட்டத்தோடு உடைந்திருந்தால் நான்கு ஹெட் போல்ட்டுகளைக் கழற்றி, ஹெட்டை லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். கையில் பிடிக்கும் டிரில்லில் நேராக ஓட்டை போடுவது கடினம். பட்டறையில் சரியாக நடுவில் பஞ்ச் வைத்து, 3 மி.மீ., பிறகு 5 மி.மீ. என்று துளைத்து, ஈஸி அவுட் (உடைந்த துண்டைப் பிடித்துத் திருகி எடுக்கும் கருவி) போட்டு எடுப்பார்கள். மரையே போயிருந்தால் 8.3 மி.மீ. துளைத்து, 8 மி.மீ.-க்கான ஹெலிகாயில் மரை வைக்கலாம். எஃகுச் சுருள் என்பதால் பழைய அலுமினிய மரையைவிட உறுதியாகவே நிற்கும். ஹெட்டைத் திரும்ப மாட்டும்போது ஹெட் கேஸ்கட் புதிதாகப் போட வேண்டும்.

புது சைலன்சரை மாட்டும் முன் அதன் பிளேஞ்ச் (எஞ்சினோடு ஒட்டி உட்காரும் தட்டையான வாய்த் தகடு) மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் கீற்று வெளிச்சம் தெரிந்தால் பிளேஞ்ச் வளைந்திருக்கிறது. அரத்தால் மட்டமாக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். பழைய கேஸ்கட் துணுக்குகளை மரச்சீவல் கொண்டு சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் அலுமினியத்தில் கோடு விழும், அந்தக் கோடு வழியாகப் புகை கசியும். கேஸ்கட் கட்டாயம் புதிது. சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் பூசினால் போதும் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். அது ஏறக்குறைய 300 டிகிரி வரைதான் தாங்கும். சைலன்சர் வாயில் சூடு அதைத் தாண்டிவிடும், சில மணி நேரத்தில் கருகி உதிரும்.

ஸ்டட் மரையில் காப்பர் பேஸ்ட் மெல்லப் பூசி, இரண்டு நட்டையும் கையால் ஏற்றி, மாற்றி மாற்றி இறுக்குங்கள். கணக்கு 24 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், 15 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 16 கிலோ எடை தொங்கினால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு இழுப்பு. கால் மணி நேரம் ஓட்டி, முழுவதும் ஆறவிட்டு, இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். கேஸ்கட் முதல் சூட்டில் சற்று அமுங்கும், அதனால் நட் கொஞ்சம் நகரும். இந்த இரண்டாம் இறுக்கத்தை விட்டுவிட்டால் ஒரே மாதத்தில் நட் கழன்று விழுவதும், பிளேஞ்ச் துளை முட்டை வடிவில் தேய்வதும் நடக்கும்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்து, ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில் கவனியுங்கள். நுரை கொப்பளித்தால் கசிவு. பழைய கசிவாக இருந்தால் இணைப்பைச் சுற்றிக் கரி கோலமே போட்டிருக்கும்.

அடிப்பக்கம் ஏன் துருப்பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓடினால் அந்த ஆவி வெளியே போய்விடும். 'சும்மா கிடக்காமல் கொஞ்சம் ஓடட்டும்' என்று வாரம் ஒரு முறை இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தினால் ஆவி சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகி அடியில் தங்குகிறது. ஸ்டார்ட் செய்தால் கால் மணி நேரமாவது ஓட விடுங்கள், இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

கோத்தகிரியில் ஒரு பங்களாத் தோட்டத்தைப் பராமரிக்கிறேன். இங்கே மிகப் பழைய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின் வைத்த புல்வெட்டி இருக்கிறது. இதில் நட் எதுவும் இல்லை. சைலன்சரின் வாயே மரை போட்டு எஞ்சினில் திருகியிருக்கிறது. அது கழுத்தில் உடைந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் அரை அங்குல ஜிஐ நிப்பிள் கொடுத்து 'இதைத் திருகி வெல்டிங் வைத்துக்கொள்' என்றார்கள். செய்யலாமா? - வாசகர், நீலகிரி

செய்யாதீர்கள். கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தது நல்லதாயிற்று.

அந்த எஞ்சின் அமெரிக்கத் தயாரிப்பு முறையில் வந்தது. சின்ன மாடல்களில் புகை வாய் அரை அங்குல என்பிடி (அமெரிக்கக் குழாய் அளவு) மரை, பெரியவற்றில் முக்கால் அங்குலம். நம் ஊர்த் தண்ணீர்க் குழாய்களில் இருப்பது பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் அளவு) மரை. அரை அங்குலத்தில் இரண்டுக்கும் ஓர் அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால்தான் நிப்பிள் முதல் இரண்டு சுற்று சுலபமாக ஏறுகிறது, கடைக்காரரும் பொருந்திவிட்டது என்று நம்புகிறார். ஆனால் என்பிடி மரையின் கோணம் 60 டிகிரி, பிஎஸ்பி-யுடையது 55. விட்டமும் 21.3 மி.மீ.-க்கு எதிராக 20.96 மி.மீ. இரும்பு நிப்பிளை ரெஞ்ச் போட்டு ஏற்றினால் அலுமினிய பிளாக்கின் மரைதான் சீவப்படும். ஒரு பருவம் தாங்கும். பிறகு அதிர்வில் நிப்பிள் ஆடி, மரையை முழுதாகத் தின்றுவிடும். இன்னொன்று, ஜிஐ குழாயின் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகும். அதை மூடிய கொட்டகையில் மூச்சில் இழுத்தால் அன்று இரவே காய்ச்சலும் குளிரும் வரும்.

முதலில் உள்ளே சிக்கிய துண்டை எடுப்போம். உங்களுக்கு உதவக்கூடிய ஒரு குணம் இங்கே இருக்கிறது. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே பிளாக் சூடானால் துளை அகலும், உள்ளே இருக்கும் எஃகுத் துண்டின் பிடி தளரும். ஹாட் ஏர் கன் போதும். கேஸ் டார்ச் பிடித்தால் மிகவும் எச்சரிக்கை வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஆனால் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பு வழிந்துவிடும். டேங்கும் பெட்ரோல் டியூபும் தனியே கழற்றி வைத்த பிறகுதான் சூடு காட்ட வேண்டும்.

துண்டு வெளியே நீண்டிருந்தால் பைப் ரெஞ்ச். உள்ளே போய்விட்டிருந்தால் குழாய்க்குள் பிடிக்கும் பெரிய ஈஸி அவுட். இரண்டுக்கும் மசியவில்லையென்றால், ஆக்சா பிளேடை மட்டும் கையில் பிடித்து, துண்டின் உள்பக்கத்திலிருந்து வெளிநோக்கி அறுக்க வேண்டும். அலுமினிய மரையின் நுனி பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் நொடியில் நிறுத்திவிடுங்கள். கால் அங்குலம் தள்ளி இன்னொரு வெட்டு. நடுவில் உள்ள பட்டையை மெல்லிய உளியால் உள்நோக்கி மடக்கினால் மொத்தத் துண்டும் சுருங்கிக் கையோடு வரும். அரை நாள் வேலைதான், ஆனால் மரை தப்பிக்கும்.

அறுக்கும் முன் பிளைவீலைக் கையால் சுற்றி எக்சாஸ்ட் வால்வு மூடிய நிலையில் நிறுத்துங்கள். துளையின் உள்ளே கிரீஸ் தடவிய துணியைத் திணித்து வையுங்கள். வால்வு சீட்டில் ஒரே ஒரு இரும்புத் துகள் மாட்டினாலும் கம்ப்ரஷன் போய்விடும்.

பிறகு அரை அங்குல என்பிடி டேப் (மரை வெட்டும் கருவி) கொண்டு மரையைச் சுத்தம் செய்து, அந்த எஞ்சினுக்கே உரிய திருகு சைலன்சரை வாங்கிப் போடுங்கள். ஆன்லைனில் வாங்கும்போது மரை அளவோடு, பூட்டு வளையம் சேர்ந்து வருகிறதா என்றும் பாருங்கள். கையால் ஏறும் வரை ஏற்றி, அதற்கு மேல் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று. சாய்வு மரை என்பதால் மேலும் மேலும் இறுக்கினால் ஆப்பு அடிப்பது போல பிளாக்கையே பிளக்கும். வாய் சரியான திசைக்கு வந்ததும் பூட்டு வளையத்தை இறுக்குங்கள். டெப்லான் டேப் சுற்ற வேண்டாம், அந்தச் சூட்டில் அது நிற்காது.

52 சிசி இரண்டு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர். ஸ்டார்ட் ஆகிறது, ஐட்லிங் ஓடுகிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முனகுகிறதே தவிர வேகம் ஏறவில்லை. கார்புரேட்டர் சுத்தம் செய்தும் பலனில்லை. சைலன்சர் மாற்றச் சொல்கிறார்கள். - வாசகர், பேராவூரணி

மாற்றும் முன் கழற்றிப் பாருங்கள். இரண்டு 6 மி.மீ. போல்ட்தான், 5 மி.மீ. ஆலன் கீ வேண்டும். கழற்றியதும் முதல் வேலையாக டார்ச் அடித்து சிலிண்டரின் புகை வாயை உற்றுப் பாருங்கள். கயிற்றை மெல்ல இழுத்தால் பிஸ்டனின் பக்கவாட்டு அந்த வாயில் தெரியும். அது வழவழப்பாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழாக நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கீறல்கள் இருந்தால் எண்ணெய் போதாமல் பிஸ்டன் உரசியிருக்கிறது. அப்போது சைலன்சரில் செலவழித்துப் பயனில்லை.

பிஸ்டன் நன்றாக இருந்து, வாயில் கரி கட்டியிருந்தால் உங்கள் குறை அதுதான். ஐட்லிங்கில் புகை குறைவு, சிறு வழியே போதும். வேகத்தில் புகை வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிப் புதுக் கலவைக்கு இடம் விடாது. பிஸ்டனை மேலே கொண்டுவந்து வாயை மூடிக்கொண்டு, மூங்கில் சீவலால் கரியைச் சுரண்டுங்கள். இரும்பு வேண்டாம். சைலன்சரின் வெளி வாயில் தீப்பொறி தடுக்கும் சின்னச் சல்லடை இருந்தால் அதைத் தனியே எடுத்து, கேஸ் சுடரில் சிவக்கக் காட்டி, ஆறியதும் பிரஷ் போடுங்கள். சல்லடையைத் தூக்கி எறியச் சொல்பவர்கள் உண்டு. கோடையில் காய்ந்த புல்லுக்கு நடுவே வேலை செய்யும் இயந்திரம் இது, சல்லடை திரும்பப் போயே ஆக வேண்டும்.

கரி ஏன் இவ்வளவு சேர்ந்தது என்று பாருங்கள். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி. எண்ணெய், 50-க்கு 1 என்றால் 20 மி.லி. உங்கள் இயந்திரத்தின் டேங்க் மேல் எழுதியிருப்பதே கணக்கு. 'கூடுதலாக இருந்தால் எஞ்சினுக்கு நல்லது' என்று மூடியால் தோராயமாக ஊற்றுவதும், இரண்டு ஸ்ட்ரோக் எண்ணெய்க்குப் பதில் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயிலைக் கலப்பதும்தான் பெரும்பாலும் காரணம். மருந்துக் கடையில் கிடைக்கும் அளவுக் கோப்பை ஒன்று போதும்.

திரும்ப மாட்டும்போது போல்ட்டில் மரைப் பசை போடுவதால் பயனில்லை, சூட்டில் இளகிவிடும். பழைய பூட்டுத் தகடு இருந்தால் அதைத் திரும்பப் போட்டு, முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஆறவிட்டு மறுபடி இறுக்குங்கள்.

புது சைலன்சர் வரும் வரை பத்து நாள், சைலன்சர் இல்லாமல் ஓட்டலாமா? அல்லது பழைய பைக் சைலன்சரை வெட்டிப் பொருத்தலாமா? - வாசகி, ஒட்டன்சத்திரம்

இரண்டும் வேண்டாம். நான்கு ஸ்ட்ரோக்கில் புகை வாயிலிருந்து சுடரே வெளியே வரும், மேலே பெட்ரோல் டேங்க், கீழே சருகு. இரண்டு ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் எதிர் அழுத்தம் இல்லாமல் எரியாத கலவை அப்படியே வெளியேறும். இழுவை குறையும், எஞ்சின் சூடேறும். சத்தமும் சாதாரணமல்ல. 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை காது தாங்கும் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ஓட்டுபவருக்கு ஆத்திரம் அவசரமென்றால் வாடகைக்கு ஒரு இயந்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பைக் சைலன்சர் கனமானது. அவ்வளவு எடையையும் இரண்டு ஸ்டட் தாங்க வேண்டும், அதிர்வில் மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். ஓட்டை சிறியதாக இருந்தால், துருவைத் தேய்த்து நல்ல தகடு தெரியும் இடம் வரை ஒட்டுத் தகடு வைத்து பிரேசிங் (பித்தளை உருக்கி ஒட்டுவது) செய்யலாம். சைலன்சரைக் கழற்றி எடுத்துப் போய்ச் செய்ய வேண்டும், எஞ்சினில் இருக்கும்போது அல்ல. எபாக்ஸி பசை வைத்து அடைப்பது ஒரு மணி நேரம்கூட நிற்காது.

புது சைலன்சர் மாட்டி ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை மண்டுகிறது. பழையதில் இப்படி இல்லை. சைலன்சர் போலியா? - வாசகர், ஆம்பூர்

போலி இல்லை. புது சைலன்சரின் உள்ளும் புறமும் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெயும் பெயிண்டும் பூசியிருப்பார்கள். அது எரிந்து தீர ஐந்து பத்து நிமிடம் ஆகும், நாற்றமும் வரும். திறந்த வெளியில் ஓட்டுங்கள். கொட்டகைக்குள் வேண்டாம், எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

அரை மணி நேரத்துக்கு மேலும் புகை நீலம் கலந்து வந்தால் வேறு கேள்வி கேட்க வேண்டும்: சைலன்சர் மாற்ற வசதியாக எஞ்சினைப் படுக்க வைத்தீர்களா? பிளக் கீழே இருக்கும்படி சாய்த்தால் கிராங்க்கேசில் உள்ள ஆயில் சிலிண்டருக்குள்ளும், அங்கிருந்து சைலன்சருக்குள்ளும் போய்விடும். பிளக்கைக் கழற்றி, பிளக் துளையின் மேல் துணியைப் பிடித்துக்கொண்டு கயிற்றைப் பத்து முறை இழுத்து ஆயிலை வெளியேற்றுங்கள். ஏர் பில்டர் நனைந்திருந்தால் காகித பில்டரை மாற்றுங்கள், பஞ்சு பில்டரைச் சோப்பில் அலசிக் காயவையுங்கள். ஆயில் அளவை டிப் ஸ்டிக்கில் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். அடுத்த முறை பிளக் மேலே பார்க்கும்படி சாய்த்தால் இந்தப் பிரச்சினை வராது.